ஆறாம் மாடியில் ஒரு டென்மார்க்

(வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி ஒன்றின் ஆறாம் மாடி. வங்கியில் வேலை பார்க்கும் வாசுகி கைத்தொலைபேசியில் படம் காட்டுகிறார். அளவுநாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருக்கும் தச்சர், ஓடாவியார், எட்டிப் பார்க்கிறார். வரவேற்பறையின் ஒரு சுவரை முழுதாக ஆண்டுகொண்டிருக்கிறது ஒரு தேக்கு ஷோகேஸ். தலையில் செதுக்கிய கிரீடம், கீழே சிங்கப் பாதங்கள். வாசுகியின் மாமி யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பி வைத்த அன்பளிப்பு.)

வாசுகி: இதுதான் ஐயா நான் சொன்ன ஸ்கண்டிநேவியப் பாணி. டென்மார்க், சுவீடன், நோர்வே பக்கத்துப் பாணி.

ஓடாவியார்: நல்லது பிள்ளை. எப்போது குடிபுகுகிறார்கள்?

வாசுகி: யார்?

ஓடாவியார்: இந்த வீட்டுக்காரர். சாமான் இன்னும் வந்து இறங்கவில்லைப் போலிருக்கிறது.

வாசுகி: சாமானே இவ்வளவுதான் ஐயா! ஒரு சோபா, ஒரு மேசை, ஒரு விளக்கு, சாடியில் ஒரு கிளை.

ஓடாவியார்: கிளையில் இலைகூட இல்லையே. சரி, அது அவர்கள் பாடு. சுவர் ஏன் இப்படி வெள்ளையாக இருக்கிறது?

வாசுகி: அங்கே குளிர்காலத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சம். டிசம்பரில் ஸ்டொக்ஹோமில் பகல் ஆறு மணித்தியாலம்தான். நோர்வேயின் வடக்கே துரொம்சோ என்ற ஊரில் இரண்டு மாதமளவில் சூரியன் தலையே காட்டாது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் சுவர் திருப்பித் தரட்டும் என்றுதான் வெள்ளை அடிக்கிறார்கள்.

ஓடாவியார்: கெட்டிக்காரர்கள். உங்களுக்கு இருப்பது மேற்கு யன்னல், எதிரே கடல். பின்னேரம் மூன்று மணி வெயிலைச் சுவரும் சேர்ந்து திருப்பித் தந்தால், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தேநீர் குடிக்க வேண்டும்.

வாசுகி: கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பு மூன்றில் இருந்த தன்னுடைய வீட்டுக்கு வெள்ளைதானே அடித்தார்?

ஓடாவியார்: அடித்தார். நான்கு சின்ன வீடுகளை ஒன்றாக்கி, இடையிடையே வானம் தெரிய முற்றம் விட்டு, அதற்குப் பிறகு அடித்தார். இங்கே மேலே திறந்தால் வானம் தெரியாது, ஏழாம் மாடிக்காரரின் குளியலறைதான் தெரியும்.

(கொழும்பில் எந்த வாக்குவாதத்திலும் பாவாவின் பெயரை இழுக்கலாம். ஓடாவிகளிடம் மட்டும் இழுக்கக் கூடாது.)

வாசுகி: யன்னல் திரைச்சீலையையும் எடுத்துவிடப் போகிறேன். அந்த நாடுகளில் பல வீடுகளில் திரைச்சீலையே கிடையாதாம்.

ஓடாவியார்: எடுங்கள். பக்கத்துக் கட்டடத்து அம்மா நீங்கள் எத்தனை இடியப்பம் சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வோர் இரவும் எண்ணிக் களைத்துப் போகிறார். பாவம், அவருக்கும் வசதியாக இருக்கும்.

வாசுகி: சோபாவின் மேலே ஓர் ஆட்டுத்தோல்.

ஓடாவியார்: ரிஷிகள் மான்தோலில் இருந்து தவம் செய்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கொழும்பு வேர்வையில் ஆட்டுத்தோலில் இருப்பது அதைவிடக் கடுந்தவம். மழைக்காலம் வரட்டும், தோலில் பூஞ்சணம் முளைத்து ஆடு திரும்பவும் உயிரோடு வந்ததுபோல் இருக்கும்.

வாசுகி: இரவில் மின்விளக்கைக் குறைத்து, மெழுகுவர்த்தி...

ஓடாவியார்: பிள்ளை, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அப்போது முழு இலங்கையும் ஸ்கண்டிநேவியாவாகத்தான் இருந்தது. யாரும் படம் எடுத்துப் போடவில்லை.

வாசுகி: நீங்கள் எல்லாவற்றையும் தட்டிக் கழிக்கிறீர்கள். கதிரையையாவது பாருங்கள். ஹான்ஸ் வெக்னர் என்ற டென்மார்க்காரர் 1949 இல் வரைந்தது.

ஓடாவியார்: வரைகிறவர்கள் வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள். செய்கிறவன்தான் சாக வேண்டும்.

வாசுகி: அவரும் ஓடாவிதான். சிறுவயதிலேயே தச்சுப் பட்டறையில் தொழில் பழகியவர்.

(ஓடாவியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, தொலைபேசியைக் கையில் வாங்குகிறார். இதுவரை படத்தை அவர் வாங்கியே பார்க்கவில்லை.)

ஓடாவியார்: இதைப் பெரிதாக்குங்கள். இன்னும். ம்... முதுகில் இருந்து கை வரைக்கும் ஒரே சட்டம். வெட்டி ஒட்டவில்லை, ஆவி காட்டி வளைத்திருக்கிறான். பின்னங்கால் இரண்டும் வெளியே வளைந்து போய் மேலே வந்து அதைத் தாங்குகிறது. ஆள் சாய்ந்தால் பாரம் எங்கே இறங்கும் என்று தெரிந்து செய்திருக்கிறான். இருக்கை என்ன, பிரம்பா?

வாசுகி: கடதாசிக் கயிறு. ஒரு கதிரைக்கு ஏறத்தாழ 120 மீற்றர். இன்றைக்கும் கையால்தான் பின்னுகிறார்களாம்.

ஓடாவியார்: கடதாசியா! ஆள் கெட்டிக்காரன், ஆனால் வெள்ளவத்தைக்கு வந்ததில்லை. நான் பிரம்பில் பின்னித் தருகிறேன். காற்றும் போகும்.

வாசுகி: பழைய சீனக் கதிரைகளைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம்.

ஓடாவியார்: அப்படியானால் இது சீனச் சாமான்! முதலிலேயே சொல்லியிருந்தால் புறக்கோட்டைக் கடைகளில் விசாரித்திருப்பேனே.

வாசுகி: ஐயா!

ஓடாவியார்: கோபிக்க வேண்டாம். செய்து தருகிறேன். ஆனால் உங்கள் ஷோகேஸ் செய்த கூலிக்கு இரண்டு கதிரைதான் வரும்.

வாசுகி: அதெப்படி? பூ இல்லை, கொடி இல்லை, சிங்கம் இல்லை. மரமும் கொஞ்சம்தான்.

ஓடாவியார்: அதனால்தான். செதுக்கு வேலை உள்ள சாமானில் உளி வழுக்கினால், அந்த இடத்தில் இன்னொரு இலை போட்டுவிடலாம். நான் போட்ட இலைகளில் பாதி அப்படி முளைத்தவைதான். மொட்டைச் சாமானில் மூட்டு ஒரு நூல் விலகினாலும் ஊருக்கே தெரியும். ஒளிக்க இடம் இல்லாத வேலைக்குக் கூலி கூட.

வாசுகி: சரி. மரம் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். பைன்?

ஓடாவியார்: துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளில் அந்த மரத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். கறையானுக்கு அது கல்யாணச் சாப்பாடு.

வாசுகி: ஆறாம் மாடிக்குக் கறையான் எப்படி ஐயா வரும்?

ஓடாவியார்: லிப்ட் பழுதானால் நாங்கள்தான் கீழே நிற்போம். கறையானுக்கு மின்சாரம் தேவையில்லை. பலா போடுவோம். முதலில் மஞ்சளாகத்தான் இருக்கும்.

வாசுகி: பிறகு?

ஓடாவியார்: பிறகு கறுத்துக்கொண்டு வரும். மனிதர் மாதிரித்தான், கொழும்பு வெயில்.

வாசுகி: குசினி அலுமாரிக்குக் கைப்பிடி வேண்டாம். தள்ளினால் திறக்கிற மாதிரி.

ஓடாவியார்: மழைக்குக் கதவு ஊதிவிட்டால் தள்ளினாலும் திறக்காது, இழுக்கவும் பிடி இருக்காது. உள்ளே மிளகாய்த்தூள், அடுப்பில் குழம்பு. சரி, போடுகிறேன். ஆனால் பிணைச்சல் மட்டும் பித்தளை. கடற்காற்றுக்கு இரும்பு ஒரு வருடத்தில் கறள் பிடித்துவிடும்.

வாசுகி: உங்களுக்கு இந்தப் பாணியே பிடிக்கவில்லை.

ஓடாவியார்: யார் சொன்னது? என் தம்பி முப்பது வருடத்துக்கு மேலாக டென்மார்க்கில்தான் இருக்கிறான். வீட்டைக் காணொளியில் காட்டுவான்.

வாசுகி: (ஆவலாக) எப்படி இருக்கும்?

ஓடாவியார்: ஷோகேஸ் உங்களுடையதைவிடப் பெரிது. இரண்டு குத்துவிளக்கு, பிளாஸ்டிக் மாலை போட்ட முருகன் படம், உறை கழற்றாத சோபா. யன்னலுக்கு வெளியே மட்டும் டென்மார்க்.

(வாசுகி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்துகிறார். மாமி இருப்பது யாழ்ப்பாணத்தில், இருந்தாலும் தாழ்த்துகிறார்.)

வாசுகி: இந்த ஷோகேஸை எப்படியாவது கீழே இறக்கிவிட வேண்டும் ஐயா. உள்ளே கனடாவில் இருந்து வந்த தேநீர்க் கோப்பைகள், இவருடைய பாடசாலைக் கேடயங்கள், தாஜ்மகால் மூன்று. மூன்றிலும் விளக்கு எரியும்.

ஓடாவியார்: (அளந்துவிட்டு) லிப்டுக்குள் போகாது. உயரம் கூட.

வாசுகி: அப்படியானால் எப்படி மேலே வந்தது?

ஓடாவியார்: பல்கனியால் கயிறு கட்டி ஏற்றியிருப்பார்கள். இறக்குவது ஏற்றுவதைவிட ஆபத்து. கீழே முச்சக்கர வண்டிகள் நிற்கின்றன.

வாசுகி: 1956 இல் ஐகியா என்ற சுவீடன் தளபாடக் கம்பனியில் ஒரு மேசை காருக்குள் போகவில்லையாம். காலைக் கழற்றித்தான் ஏற்றினார்களாம். அதில் இருந்துதான் தட்டையான பெட்டியில் தளபாடம் விற்கிற யோசனையே பிடித்தது.

ஓடாவியார்: சுவீடன்காரன் கழற்றலாம் என்றால் நான் கழற்றக் கூடாதா? பிடியுங்கள் அந்தப் பக்கம்.

(கோப்பைகளும் தாஜ்மகால்களும் கட்டிலுக்கு இடம் மாறுகின்றன. கிரீடம் இரண்டு ஆணியில் கழன்று வருகிறது. சிங்கப் பாதங்கள் அரை மணித்தியாலம் போராடுகின்றன. ஷோகேஸ் தரையோடு தரையாக உட்காருகிறது. இருவரும் சுவரோரம் போய் நின்று பார்க்கிறார்கள்.)

வாசுகி: ஐயா...

ஓடாவியார்: எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

வாசுகி: கொண்டையும் காலும் இல்லாமல் பார்த்தால் அதன் உடம்பு நேராகத்தானே இருக்கிறது! அசல் டென்மார்க்!

ஓடாவியார்: தேக்கும் டென்மார்க்காரருக்குப் பிடித்த மரம்தான், தம்பி சொல்லியிருக்கிறான். அந்தப் படத்தில் இருந்த மாதிரி மெல்லிய, சரிந்த கால் நான்கு கடைந்து போடட்டுமா? ஒரு காலுக்கு நாலாயிரம்.

வாசுகி: நாலாயிரமா! ஒரு பூக்கூட இல்லாத காலுக்கா?

ஓடாவியார்: பூப் போட்டால் மூவாயிரத்து ஐந்நூறு.

வாசுகி: வேண்டாம், மொட்டையாகவே போடுங்கள். ஆனால் தைப்பொங்கலுக்கு மாமி வருகிறாவே. ஷோகேஸைப் பார்த்தால் என்ன சொல்வது?

ஓடாவியார்: மாமிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தது என்று சொன்னீர்கள் அல்லவா?

வாசுகி: ஓம், போன வருடம்.

ஓடாவியார்: இதற்கும் அதேதான் என்று சொல்லுங்கள். மனுசி இரக்கப்படுவா.