பீலியை வரைந்தது குற்றமா, வரைந்தது நான் என்பது குற்றமா?

சனிக்கிழமை இரவு நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டத்துப் பீலியை, அதாவது ஆட்கள் தண்ணீர் எடுத்துத் துணி துவைக்கிற நீர்க்குழாயடியை, நான் வரைந்த படத்தை எடுத்துத் தன் முகநூல் பக்கத்தில் போட்டு, "டீச்சர்மாரின் ஓய்வுநேரக் கலர் விளையாட்டெல்லாம் மலையகக் கலை ஆகிவிடாது" என்று எழுதிய பெரிய மனிதரின் பெயரை இங்கே போடப் போவதில்லை. நீங்களும் கீழே டேக் செய்ய வேண்டாம். அவருக்கு அதுவும் விளம்பரம்.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். "விடுங்க டீச்சர், நாய் குரைச்சா மலை குறையுமா" என்று இன்பாக்ஸில் ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் அந்தப் பதிவுக்குக் கீழே ஹாஹா போட்டவர்களின் பட்டியலை நான் திறந்து பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது என்பீர்கள். யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். அது மலையகக் கலை என்று நான் எங்கே சொன்னேன்? படத்துக்குக் கீழே நான் எழுதியது இவ்வளவுதான்: "காலை, பீலி. தண்ணீர் குறைவு. பச்சை இன்றைக்கும் சரிவரவில்லை." இதில் கலை எங்கே இருக்கிறது, இயக்கம் எங்கே இருக்கிறது? நான் பழகுகிறேன். பாடசாலை பஸ் வருவதற்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், தபாலட்டை அளவுக் கடதாசியில், கண்ணுக்கு எதிரே இருப்பதைப் போட்டுப் பார்க்கிறேன். பழகுவதற்கு ஒருவருடைய அனுமதியும் வேண்டாம். தினமும் காலையில் நடக்கப் போகிறவரிடம் "ஒலிம்பிக்குக்கா போறீங்க?" என்று யாராவது கேட்கிறார்களா?

2020 ஊரடங்கில் ஆரம்பித்தது இது. பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் கணக்குப் பாடம் அனுப்பிக்கொண்டிருந்த காலம். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மேடுதான். வீடியோ மேலே ஏறும்வரை அங்கே சும்மா நிற்க வேண்டும். எதிரே கவ்வாத்து வெட்டிய மலை, அதாவது தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிவிட்ட மலை. அதைக் கொப்பியின் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் கீறத் தொடங்கினேன். அப்புறம் மகனின் பழைய கலர்ப் பெட்டி. அப்புறம் ஹட்டன் டவுனில் ஒரு கடைக்காரர் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்த இரண்டு டியூப். அவ்வளவு பெரிய கலைப் பரம்பரை எனக்கு.

தினமும் போடுவதில் என்ன இருக்கிறது என்று உண்மையாகவே தெரியாமல் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அந்தப் பெரிய மனிதர் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், அவருக்கு எல்லாம் தெரியும்.

தேயிலையின் பச்சையை எடுங்கள். பெட்டியில் இருக்கிற பச்சையை அப்படியே அள்ளிப் பூசினால் கலண்டர் படம் வரும். தேயிலை மலையில் இருப்பது ஒரே பச்சை இல்லை. மேலே கொழுந்து, மஞ்சள் கலந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிற பச்சை. அதற்குக் கீழே முற்றிய இலை, கிட்டத்தட்டக் கறுப்பு. நடுவில் ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த பாதையில் செம்மண். கவ்வாத்து வெட்டிய மலையில் பச்சையே கிடையாது, குச்சியும் பாசியும்தான். இதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். வரையத் தொடங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. பச்சையோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்புக் கலரைக் கொஞ்சம் சேர்த்தால் அந்தப் பிளாஸ்டிக் மினுக்கம் அடங்கும் என்பது கையில் வர எனக்கு எவ்வளவோ கடதாசி போயிற்று.

மூடுபனி இன்னும் மோசம். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் நல்ல சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ந்து தூரம் போகும், சியன்னா கூடினால் சூடாகிக் கிட்டே வரும். சொல்வது சுலபம். ஈரக் கடதாசியில் அதை விட்டு, மலையின் அடிவாரம் பனியில் கரைகிற இடத்தில் தூரிகையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தண்ணீர் பின்னால் ஏறி விளிம்பு கட்டிக்கொள்ளும். முந்தினால் எல்லாம் ஓடிவிடும். எங்கள் பக்கத்தில் மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் கடதாசி காய்வதே இல்லை. புத்தகத்தில் "சில நிமிடம் காய விடவும்" என்று போட்டிருப்பார்கள். ஹட்டனில் ஜூன் மாதத்தில் எந்தச் சில நிமிடம்? நான் அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய விடுகிறேன். பதுளைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அப்போது வெயிலில் மிளகாய் காய வைத்துப் படம் அனுப்புவார்கள், வயிற்றெரிச்சலாக இருக்கும். இதோடு கடதாசியின் மேல் பூசிவரும் பசையும் ஈரத்தில் கெட்டுப்போகும். கெட்டால் வானம் பூசும்போது அங்கங்கே கலரை உறிஞ்சிப் புள்ளி புள்ளியாக நிற்கும். அப்படிக் கெட்ட ஒரு கட்டு நல்ல 300 ஜீஎஸ்எம் கொட்டன் கடதாசியை, பருத்தியில் செய்த தடித்த கடதாசியை, வைத்துக்கொண்டு நான் அழுதிருக்கிறேன். சிரிக்க வேண்டாம், அதன் விலை தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

விலை என்றதும் ஞாபகம் வந்தது. "பெயின்ட் வாங்குற காசுக்கு நாலு பிள்ளைக்குக் கொப்பி வாங்கலாமே" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போனபோது, கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சைகளே நின்றுபோன நாட்டில், நான் பெட்டியில் ஒட்டியிருந்த காய்ந்த கலரைத் தண்ணீர் விட்டுச் சுரண்டித்தான் வரைந்தேன். கொப்பி வாங்கிக் கொடுத்தேனா இல்லையா என்று முகநூலில் எழுதுகிற வழக்கம் எனக்கில்லை. அவருக்கு இந்தப் பதில் போதும்.

சரி, கொஞ்சம் கனமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாழ்க்கையை, சம்பளப் போராட்டத்தை வரையாமல் பூவும் பனியும் வரைகிறார்கள்." இதை நான் லேசாகத் தள்ளவில்லை. 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் அரசாங்க வர்த்தமானியில் வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் எத்தனை தடவை ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டு ஆட்களும் உட்கார்ந்தார்கள். அதை வரைகிறவர்கள் வேண்டும், கட்டாயம் வேண்டும். வரைகிறார்கள், நான் போய்ப் பார்க்கிறேன், படத்தின் முன்னால் நின்று பேச்சு வராமல் திரும்பியிருக்கிறேன். ஆனால் அதற்காக, மலையகத்தில் பிறந்த ஒருத்தி தூரிகையைத் தொட்டால் துயரத்தைத்தான் தொட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கொழும்பில் ஒருவர் வீட்டு ஜன்னலையும் பூந்தொட்டியையும் வரைந்தால் "அழகான அன்றாடம்" என்பீர்கள். நான் பீலியை வரைந்தால் "பிரச்சினையைப் பேசவில்லை" என்பீர்கள். அந்தப் பீலியில் தண்ணீர் குறைவு என்று நான் எழுதியதைக்கூட அவர் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் அதிலேயே ஒரு பிரச்சினை கிடைத்திருக்கும் அவருக்கு.

இன்னொரு அம்மணி, "கூடை சுமக்கும் தாயை வரையத் துணிவில்லாதவர்கள்" என்று கவிதை நடையில் சேர்த்திருந்தார். துணிவு! என் அம்மா கூடை சுமந்தவர். படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, மழையிலும் அட்டைக்கடியிலும், இடுப்பு விட்டுப்போகும்வரை மலையேறியவர். பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கிறார். போன டிசம்பர் விடுமுறையில் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவரை வரைய உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்ததுமே முந்திக்கொண்டார்: "ஏ புள்ள, கூட கீட எடுத்துக்கிட்டு நிக்கச் சொல்லிறாத. கூடையோட நிக்கிற படத்தத்தான் தேத்தூள் பெட்டியில எம்புட்டோ போட்டுட்டாய்ங்க. நான் சும்மா ஒக்காந்திருக்கேன், இப்புடியே போடு."

போட்டேன். விரல் நுனியிலும் உள்ளங்கைக் கோட்டிலும் அந்தக் கொழுந்துக் கறை இன்னும் இருக்கிறது, அதற்குக் கலர் சேர்க்கவே நிறைய நேரம் எடுத்தது. முடித்துக் காட்டியபோது "மூக்கு ஒங்க அப்பத்தா மூக்கு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். என் அம்மா தன்னைச் சும்மா உட்கார்ந்த நிலையில் பார்க்க ஆசைப்பட்டார். வாழ்க்கை முழுக்கக் கிடைக்காத ஒன்று அது. இதில் எந்த அரசியல் இல்லை என்று அந்த அம்மணி வந்து எனக்கு விளக்கட்டும். தேத்தூள் பெட்டிக்காரனுக்கும் கூடை வேண்டும், இவர்களுக்கும் கூடைதான் வேண்டும். எங்களுக்குக் கூடையை இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டும், அது மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை.

"ஓய்வுநேரக்காரர்கள்" என்ற ஏளனத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. பொகவந்தலாவை செயின்ட் மேரிஸ் தேவாலயத்துக் கல்லறையில் ஜூலியா மார்கரட் கமரன் என்ற ஒரு அம்மாள் இருக்கிறார். சாதாரண தரப் பரீட்சை வரலாற்றில் கோல்புறூக் கமரன் சீர்திருத்தம் என்று, வெள்ளைக்காரர் காலத்து ஆட்சிமுறை மாற்றத்தைப் பாடமாக்கினோமே, அந்தக் கமரனின் மனைவி. 48 வயதில் மகள் ஒரு கமராவை வாங்கிக் கொடுத்தாளாம், பொழுதுபோகட்டும் என்று. அதில் பழகத் தொடங்கியவர். "தெளிவில்லை, போகஸ் இல்லை, தொழில் தெரியவில்லை" என்று அந்தக் காலத்துப் புகைப்படப் பெரிய மனிதர்கள் கேலி செய்தார்கள். இன்றைக்கு உலகத்துப் பெரிய மியூசியங்களில் அவர் எடுத்த முகங்கள் தொங்குகின்றன. 1875இல் இலங்கைக்கு வந்த பிறகு இங்கே இருந்த எங்கள் ஆட்களையும் எடுத்தார். 1879இல் டிக்கோயாப் பக்கத்தில் இறந்துபோனார்.

உடனே வருவீர்கள், தெரியும்: "அவ தொரசாணி, அவளுக்கு வேலைக்காரர்கள் இருந்தார்கள், நேரம் இருந்தது." ஆமாம், இருந்தது. அவர் எடுத்த படங்களில் எங்கள் ஆட்களின் பெயர் இல்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் கேட்கிறேன்: தொரசாணிக்கு மட்டும்தானா ஓய்வு? அவர் பழகலாம், தோட்டத்தில் பிறந்த டீச்சர் பழகக் கூடாதா? எனக்கு வேலைக்காரர் இல்லை. விடிய எழும்பி, சோறு கட்டி, அம்மாவுக்கு மருந்து எடுத்து வைத்து, மிச்சத்தில்தான் பீலி. அந்த மிச்சமும் உங்கள் கண்ணை உறுத்துகிறதா?

"பழகுவதென்றால் வீட்டில் வைத்துப் பழகலாமே, ஏன் தினமும் முகநூலில் போட வேண்டும்?" போடுவது என் பக்கத்தில். பிடிக்காதவர்கள் அன்ஃபலோ செய்யலாம். 2007இல் சியாட்டில் நகரத்துப் பத்திரிகைக்காரர் கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற கூட்டம் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. இருக்கும் இடத்தில் உட்கார்ந்து வரை, வரைந்ததை மற்றவர்களுக்குக் காட்டு, அவ்வளவுதான் அவர்களின் வழி. பஸ் தரிப்பிடம், தேநீர்க்கடை, சந்தை என்று எல்லாவற்றையும் வரைந்து போடுகிறார்கள், கோணல்மாணலாகவும் போடுகிறார்கள். அங்கே யாரும் வந்து இது எந்தக் கலை என்று சான்றிதழ் கேட்பதில்லை. நான் போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போடவில்லை என்றால் "டீச்சர், இன்னைக்குப் படம் எங்கே?" என்று சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு அந்தப் பீலி எது என்று தெரியும். எந்தக் கல்லில் துணி துவைத்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். அந்தப் பெரிய மனிதரின் விமர்சனத்தைவிட எனக்கு அந்தக் கல் பெரிது.

ஹாஹா போட்டவர்களைப் பற்றிச் சொல்லாமல் போகலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அதில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். கணக்கு வராமல் அழுதவர்களிடம் "பிழைச்சாப் பரவாயில்லை, தினமும் ஒன்று போட்டுப் பாரு" என்று சொன்னது நான்தான். அதே வாயால் எனக்கும் சொல்லிக்கொண்டு அதே மாதிரி நானும் தினமும் ஒன்று போட்டுப் பார்க்கிறேன். அதற்குச் சிரிப்பு. பெரிய மனிதர் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

"டீச்சர் இவ்வளவு கோபப்படலாமா" என்று எழுதப் போகிறவர்கள் விரலை எடுத்துக்கொள்ளுங்கள். கோபம்தான். நாளைக்கும் படம் வரும், அதுவும் பீலிதான். பச்சை சரிவரும்வரை பீலிதான். பிறகும் பீலியாக இருக்கலாம், என் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் வரையப் போகிறேன். விருப்பமானவர்கள் வரலாம், ஹாஹா போட்டவர்களும் வரலாம், உங்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். கடதாசி நான் தருகிறேன், கொட்டன் இல்லை, சாதாரணமானதுதான். குடையும் தண்ணீர்ப் போத்தலும் அட்டை கடிக்காமல் இருக்கச் சவர்க்காரத் துண்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும். கறுப்புக் கலர் மட்டும் கொண்டு வராதீர்கள், தொட விடமாட்டேன், இருட்டை நீலமும் சியன்னாவும் கலந்தே எடுக்கலாம்.