பட்டாளத்து பென்ஷனும் அரசியல் கட்டுரையும்

அண்ணாச்சி, “பட்டாளத்தில் இருந்தவர் அரசியல் எழுதினால் பென்ஷன் நின்றுவிடும்” என்று உங்கள் பதிவில் போட்டிருக்கிறீர்கள். அது தவறு. நீங்கள் சொல்லும் தடை பணியில் இருப்பவர்களுக்கு உரியது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, கட்சி அரசியல், கூட்டம், பத்திரிகைக்கு எழுதுவது ஆகியவற்றைக் கட்டுப்படுத்த வழிசெய்கிறது. ஓய்வு பெற்ற பின் அவரும் நம்மைப் போல ஒரு குடிமகன்தான். ராணுவ ரகசியத்தை வெளியிட்டாலோ, பெரிய குற்றத்தில் தண்டனை ஆனாலோ கதை வேறு. கருத்துக்காக யாரும் பென்ஷனில் கை வைக்க முடியாது.

எழுதியதால் நடவடிக்கைக்கு ஆளான பட்டாளத்துக்காரர் என்று பாஜகவின் ஜஸ்வந்த் சிங்கையும் உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அவர் 1960களிலேயே ராணுவத்தை விட்டவர். வெளியுறவு, பாதுகாப்பு, நிதி என்று மூன்று துறைக்கும் அமைச்சராக இருந்தவர். 2009இல் ஜின்னா பற்றிய புத்தகத்துக்காக அவரை நீக்கியது பாஜக. அது கட்சி நடவடிக்கை. ராணுவத்துக்கோ பென்ஷனுக்கோ அதில் வேலையே இல்லை. அடுத்த வருஷமே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், அது தனிக்கதை.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார் தாத்தா இருக்கிறார். காலையில் யாராவது ஒரு விதவைக்குக் குடும்ப பென்ஷன் மனு எழுதிக் கொடுப்பார். மத்தியானம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அரசு செலவைச் சுருக்க வேண்டும், பழைய ஒழுங்கு வேண்டும் என்று கட்டுரை எழுதுவார். பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு நேற்று பேனாவை மூடி வைத்துவிட்டார். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பதிவைத் திருத்திவிடுங்கள்.