ஒரு ஸ்க்ரூதானே!

நேற்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க ஒரே பதிவுதான்: ஆடிய இம்ப்ளான்ட் பல்லின் ஸ்க்ரூவை முடுக்க ஒரு நோயாளியை நான் மூன்று தடவை வரவழைத்தேன் என்று ஒரு தம்பி திட்டி எழுதியது. பகிர்ந்தவர்களுக்கும், என்னை டேக் செய்தவர்களுக்கும், உள்பெட்டியில் வந்து "டாக்டர், இது நீங்கதானா?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி. ஆமாம், "ஒரு ஸ்க்ரூ முடுக்க மூன்று தடவை அலையவிட்ட பல் டாக்டர்" நானேதான்.

நோயாளி யார், என்ன வயது என்றெல்லாம் எழுத மாட்டேன். பதிவு போட்ட தம்பிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எனக்கு உண்டு. ஸ்க்ரூவைப் பற்றி எழுதலாம். அது கோபித்துக்கொள்ளாது.

ஒரு ஸ்க்ரூதான். ஒத்துக்கொள்கிறேன். எந்த ஸ்க்ரூ?

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்புக்குள் இருக்கும் டைட்டானியம் வேர். அதன் மேல் உட்காரும் பல்லைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் திருகு. 1965இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற டாக்டர் முதல் நோயாளிக்கு வைத்தபோது ஒரே வகைதான். இன்று நூற்றுக்கணக்கான கம்பெனிகள். ஒருவர் திருகின் தலையில் அறுகோணக் குழி வைப்பார், இன்னொருவர் நட்சத்திரம், மற்றொருவர் சதுரம். அறுகோணத்திலேயே 1.2 மில்லிமீட்டரும் உண்டு, 1.25உம் உண்டு. அந்த 0.05 மில்லிமீட்டரில்தான் என் தூக்கம் போகிறது. சின்னத் திருப்புளி பெரிய குழிக்குள் சுகமாக இறங்கும், திருப்பினால் மூலைகளை மழித்துவிட்டு வெளியே வரும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பதிவில் வரும் பல்லைப் போலவே, எந்தக் கம்பெனி என்று தெரியாத ஒரு இம்ப்ளான்ட். "ஒரு ஸ்க்ரூதானே" என்று நானும் நினைத்தேன். திருப்பினேன், விரல் நுனியில் ஒரு வழுக்கல். அவ்வளவுதான், தலை வட்டமாகிவிட்டது. அன்று மாலை முழுக்க அந்த அம்மா வாயைத் திறந்தபடி இருக்க, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுத்தேன். இம்ப்ளான்ட்டுக்கு உள்ளே இருக்கும் மரை கெட்டிருந்தால் எலும்பிலிருந்து வேரையே அறுத்து எடுக்க வேண்டி வந்திருக்கலாம். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதனால்தான் இந்த முறை முதல் நாள் எக்ஸ்ரே மட்டும். எக்ஸ்ரேயில் கம்பெனி பெயர் எழுதியிருக்காது தம்பி. கழுத்தின் வடிவம், மரையின் இடைவெளி இவற்றை வைத்து, நிழலைப் பார்த்து ஆளைச் சொல்வது போல ஊகிக்க வேண்டும். முன்பு வைத்த டாக்டரிடம் கேட்கலாம் என்றால் அந்த கிளினிக்கே இல்லை. "நல்ல கம்பெனின்னு சொன்னாங்க" என்பதுதான் கையில் இருந்த ஒரே ஆவணம். இரண்டாம் நாள், இரவல் வாங்கிய திருப்புளிகளோடு, ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி (கைதவறினால் நேராகத் தொண்டைக்குள் போகும்), பல்லில் திருகுக்கு வழிவிடும் ஓட்டையை அடைத்திருந்த பிசினையும் டெஃப்லான் டேப்பையும் எடுத்து, ஒன்றொன்றாக இறக்கிப் பார்த்தேன். நான்காவது பொருந்தியது. கழற்றி, கழுவி, முடுக்கி, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி முடுக்கினேன். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பதிவில் "சும்மா உட்காரவைத்தார்" என்று எழுதியிருக்கிறார். முடுக்கிய திருகு சற்று நேரத்தில் அமர்ந்து இறுக்கம் குறையும், அதற்குத்தான். மூன்றாம் தடவை, ஆடுகிறதா என்று பார்க்க. இதில் அலைச்சல் எங்கே?

"வேறு டாக்டர் ஐந்து நிமிடத்தில் முடுக்கினாரே?" முடுக்கினார். அது கழன்றுதானே என்னிடம் வந்தது?

"காசு பிடுங்கத்தான்." இதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.

"நீங்கள் வைத்த இம்ப்ளான்ட்டுகளுக்கு விவரம் எழுதிக் கொடுத்தீர்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இது வலிக்கிறது. முதல் சில ஆண்டுகள் கொடுக்கவில்லை. கோப்பில் கம்பெனி விவர ஸ்டிக்கர் ஒட்டி வைத்தேன், அது என் அலமாரியில் இருந்தது, அவர்கள் கையில் இல்லை. எங்கோ யாரோ ஒரு டாக்டர் நான் வைத்ததை எக்ஸ்ரேயில் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் புதிய விதிப்படி நோயாளிக்கு இம்ப்ளான்ட் அட்டை தர வேண்டும். விதி வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஒரு துண்டுச் சீட்டு. கம்பெனி, அளவு, வைத்த தேதி. இதை எழுத நமக்கெல்லாம் அவ்வளவு கை வலிக்கிறதா சக டாக்டர்களே? திட்டு வாங்குவது மட்டும் கடைசியில் தொடுகிறவன்.

மரை கழன்றவன் என்று பின்னூட்டத்தில் என்னைச் சொன்னவருக்கு: நகைச்சுவை நன்றாக இருந்தது, சிரித்தேன்.

அந்த நோயாளி இன்று காலை வந்தார். பதிவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாக்கால் பல்லை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு "ஆடல" என்றார். அட்டை ஒன்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனி: தெரியவில்லை. திருப்புளி: அறுகோணம், 1.25. அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.