அரை தம்ளர் தண்ணி

தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். பன்னிரண்டாம் நாள் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். பால் கொடுத்துக்கொண்டே "அக்கா, கொஞ்சம் தண்ணி தாயேன்" என்றாள். நான் எழுந்திருப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வெந்நீர் கொண்டு வந்தாள். அரை தம்ளர். "பச்ச உடம்பு. இதுக்கு மேல குடிச்சா வயிறு போட்டுரும்."

தங்கச்சியின் உதடு வெடித்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே அறையில் நானும் அதே அரை தம்ளரைத்தான் குடித்தேன். அப்போதும் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்த அறைக்குள் நுழைந்தால் மட்டும் அந்த அறிவு என்னோடு உள்ளே வருவதில்லை. அன்றிரவு தூக்கமே வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரசவம் ஆன உடனே கர்ப்பப்பை கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை இருக்கும். அது சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும். வயிற்றுத் தசை மாதக்கணக்காக இழுபட்டுக் கிடந்தது, அது இறுக இன்னும் நாளாகும். வயிறு தொளதொளவென்று இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். குடிக்கும் தண்ணி அங்கே போய்த் தங்குவதில்லை. ஆனால் தண்ணி குடித்ததும் வயிறு உப்பித் தெரிகிறதே, கண்ணால் பார்த்ததை யார் மறுப்பது? இந்த நம்பிக்கை அப்படித்தான் நிலைத்திருக்கிறது.

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர். அது அம்மாவின் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். பால் கொடுக்க உட்கார்ந்ததும் நாக்கு வறள்வது உடம்பு கேட்பது. தண்ணி கொடுக்காவிட்டால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். உடம்பில் நீர் வற்றினால் அந்த ஆபத்து கூடும். மூளையின் சிரையில் ரத்தம் கட்டித் தலைவலி, வலிப்பு என்று வரும் பிள்ளைபெற்ற பெண்களை நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அங்கே இருப்பது வயிறு போடுமா போடாதா என்ற கேள்வி இல்லை, உயிர்.

இதே தண்ணியைப் பேதியாகும் குழந்தைக்கும் மறுக்கிறோம். "குடுத்தா இன்னும் போவும்." போகத்தான் செய்யும், ஆனால் குழந்தையைக் கொல்வது உடம்பிலிருந்து வெளியேறிய தண்ணீரும் உப்பும் திரும்பாமல் போவதுதான். 1971இல் வங்கதேசப் போரில் தப்பி வந்த அகதிகளிடம் காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸிடம் சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம் டிரம்மாகக் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்து, குடிக்கவைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குடலில் சர்க்கரை உப்பைத் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதி நிற்காதபோதும் இது நடக்கும். இன்று அந்த உப்பு-சர்க்கரைக் கலவை ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. 2022இல் அவர் இறந்தபோது அவர் பெயர் எத்தனை வீடுகளுக்குத் தெரிந்திருக்கும்? எனக்கே தெரியாது. மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தபோதுதான் படித்தேன்.

ஆனால் பொட்டலத்தை நீட்டினால் நமக்குத் திருப்தி இல்லை. "ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்கிறோம். அந்த அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை அளவு, மிச்சம் தண்ணீர். வாய் வழியாகக் கொடுத்தால் கெடுதல் என்று தடுத்த அதே தண்ணீரை ஊசி வழியாகக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்கிறோம். வாந்தி நிற்காதவருக்கும் மயங்கிக் கிடப்பவருக்கும் அது உயிர் காக்கும். வாயால் குடிக்க முடிகிறவருக்கு எதற்கு?

ஆச்சி காலத்தில் பயம் நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். குளத்துத் தண்ணி, மூடாத கிணறு. "காய்ச்சித்தான் குடுக்கணும்" என்பது நல்ல பழக்கம், இன்றைக்கும் வேண்டும். காய்ச்சுவது சரி. அளப்பதைத்தான் தவறு என்கிறேன். (இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அது வேறு.)

மறுநாள் காலையில் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஒன்னப் பெத்தப்ப எனக்குத் தாகம் தாங்கல. ராத்திரி எல்லாரும் தூங்குன பெறவு, முகம் கழுவ வச்சிருந்த செம்புத் தண்ணிய எடுத்துக் குடிச்சேன். ஆச்சிக்குத் தெரிஞ்சிருமோன்னு ஒரு மாசம் பயந்தேன்."

தாகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள்தான் மகள்கள் இரண்டு பேருக்கும் அளந்து ஊற்றினாள். கொடுமைக்காரி இல்லை, பிள்ளைக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு. என் மகளுக்கு நானும் அதையே செய்திருப்பேன்.

இப்போது தங்கச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் கூஜா இருக்கிறது. தினமும் காலையில் அம்மாதான் காய்ச்சி ஆற்றி நிரப்புகிறாளாம். ஆச்சி வரும்போது மட்டும் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். அடுத்த வாரம் போகும்போது ஆச்சியிடம் நானே பேசப்போகிறேன்.