வைரமாய்க் கரையும் ரப்பர் காசு

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவரின் கூலி எப்படி வருகிறது என்பது மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளுக்கும் தெரியும். அந்தப் பணம், பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனின் கைப்பேசி விளையாட்டில் வரும் ஒரு பொம்மை வீரனுக்குப் புதுச் சட்டையாகப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எனக்கு ஆத்திரம் மகன் மீதல்ல, விற்கும் முறையின் மீதுதான். சட்டைக்கு நேரடியாக ரூபாயில் விலை சொல்வதில்லை. முதலில் ரூபாய் கொடுத்து 'வைரம்' என்ற விளையாட்டுக் காசு வாங்க வேண்டும். வைரத்தைக் கொடுத்துத்தான் சட்டையை எடுக்க வேண்டும். கட்டுக்கட்டாக விற்கும் வைரம் பொருளின் விலையோடு பெரும்பாலும் ஒத்துப்போகாததால், கொஞ்சம் மிஞ்சி நிற்கும். மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் பிள்ளை மறுபடியும் வாங்குவான். "இன்று இரவோடு முடியும்" என்ற அவசரம் வேறு. பெரியவர்களே தடுமாறும் இடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

கூகுள் பிளேயில் பெற்றோர் ஒப்புதல் வசதி உண்டு. ஆனால் விளையாட்டு நிறுவனம் தன் இணையதளத்திலேயே வைரம் விற்றால் அந்த ஒப்புதலுக்கு அங்கே வேலையே இல்லை. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களுக்கு 2025-இல் நாடாளுமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. பணம் திரும்பியே வராத இந்த விற்பனையோ அதற்கு வெளியே நிற்கிறது.

விலையை ரூபாயில் எழுதுங்கள், வாங்குபவரின் வயதை உண்மையாகவே சரிபாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.