பெஞ்ச் மட்டுமே போடும் தம்பிகளுக்கு

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் எந்த ஜிம்முக்குப் போனாலும் முதல் கேள்வி, "பெஞ்ச் எவ்ளோ போடுறண்ணா?" பலகையில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய கம்பியை (பாரை) நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவதுதான் பெஞ்ச். தலைக்கு மேல எவ்வளவு தூக்குற என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நின்றுகொண்டு பாரைத் தலைக்கு மேல் தூக்கப் போனால், "வேணாம், தோள் போயிடும்" என்று தடுக்க ஆள் வருகிறது. எனக்குத் தோள் போனதே பெஞ்சில்தான்.

நாலு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள் பெஞ்ச். 100 கிலோ வந்துவிட்டது. எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோயிங் பேருக்கு இரண்டு செட். ஒருநாள் காட்பாடியில் ரயில் ஏறி, பையை மேல் பர்த்தில் வைக்கக் கையைத் தூக்கினேன். காது உயரம் தாண்டவில்லை, தோள் முன்பக்கம் சுருக்கென்று குத்தியது. ஐந்து கிலோகூட இருக்காது அந்தப் பை. எதிர் சீட்டுப் பெரியவர் எழுந்து வாங்கி வைத்தார்.

பிசியோதெரபிஸ்ட் என்னைச் சுவரோடு முதுகு ஒட்ட நிற்க வைத்து, "இடுப்பை வளைக்காம கையை மேல கொண்டு போங்க சார்" என்றார். கட்டைவிரல் சுவரைத் தொடவே இல்லை. ஒரு சாண் இடைவெளி.

விஷயம் இதுதான். பெஞ்சில் படுத்ததும் தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பலகையில் அழுத்திவிடுகிறோம். எடை தள்ள அது சரியான முறை. ஆனால் கை முழுசாக மேலே போகும் 180 டிகிரியில் ஏறக்குறைய 60 டிகிரி, அந்த எலும்பு சுழல்வதால் கிடைப்பது. அதைச் சுழற்றுகிற செரேட்டஸ், கீழ் டிரபீசியஸ் தசைகளுக்குப் பெஞ்சில் பெரிய வேலை கிடையாது. தலைக்கு மேல் தூக்கும்போதுதான் அவை உழைக்கின்றன. வருஷக்கணக்கில் பெஞ்ச் மட்டும் போட்டால் தள்ளும் தசை மட்டும் ஏறும், சுழற்றும் தசை தூங்கும்.

பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவதற்குப் பெயர் பிரஸ். 1972 மியூனிக் வரை ஒலிம்பிக் பளுதூக்கலின் மூன்று தூக்குகளில் அதுவும் ஒன்றாக இருந்தது. வீரர்கள் பின்னால் சாய்ந்து சாய்ந்து தூக்கியதில் நடுவர்கள் தீர்ப்புச் சொல்லத் திண்டாடினார்கள், அதனால் எடுத்தார்கள். நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஸ்னாட்ச் முறையில் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். இரண்டுமே தலைக்கு மேல் போய்த்தான் முடியும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மேலே தூக்கப் பயப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெஞ்சை விடச் சொல்லவில்லை, நானும் போடுகிறேன். முழங்கையை உடம்புக்குக் குறுக்கே நேராக விரிக்காமல் கொஞ்சம் உள்ளே வைத்து, அதே அளவு ரோயிங்கும் சேர்த்து. கை மேலே போகாதவர்கள், வலி இருப்பவர்கள் அடம்பிடித்துப் பாரைத் தூக்க வேண்டாம். முதலில் பிசியோவைப் பாருங்கள். கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ் எனக்கு ஆகவே ஆகாது, தொடங்குகிறவர்களுக்கும் வேண்டாம் என்பேன்.

நான் துடைப்பக் கட்டையில் ஆரம்பித்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் 20 கிலோ வெறும் பார். இப்போது 45 கிலோ, ஐந்து முறை, வலியில்லாமல். போன வாரம் காட்பாடியில் என் பையோடு பக்கத்திலிருந்த அம்மாவின் பையையும் நானே மேலே வைத்தேன்.

இன்று ஜிம்முக்குப் போகும் முன் சுவரில் நின்று பாருங்கள். கட்டைவிரல் தொடுகிறதா, எவ்வளவு இடைவெளி என்று கீழே எழுதுங்கள்.