டாலர் நோட்டில் இருக்கும் கண் ஃப்ரீமேசன்களின் சின்னமா?

ஒரு டாலர் நோட்டின் பின்பக்கத்தில் பிரமிடும் அதன் மேல் ஒரு கண்ணும் இருக்கும். “இது ஃப்ரீமேசன்களின் ரகசிய முத்திரை, அடியில் உள்ள 1776 இல்லுமினாட்டி தொடங்கிய ஆண்டு” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஃப்ரீமேசன்கள் (சுருக்கமாக மேசன்கள்) ஒரு பழைய சகோதரத்துவ அமைப்பினர்; இல்லுமினாட்டி ஒரு ரகசியச் சங்கம். அந்தச் செய்தி சொல்வது தவறு.

அது அமெரிக்காவின் அரசு முத்திரையின் பின்பக்கம். 1782இல் ஏற்கப்பட்டது. இறுதி வடிவம் தந்த சார்லஸ் தாம்சனும் வில்லியம் பார்ட்டனும் மேசன்கள் என்பதற்குச் சான்றே இல்லை. முத்திரையை வடிவமைக்க அமைத்த முதல் குழுவில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் மேசன்தான், ஆனால் அவர் யோசனையில் கண்ணும் இல்லை, பிரமிடும் இல்லை. கடவுளின் பார்வையைக் குறிக்கும் கண் அதற்கு வெகுகாலம் முன்பே கிறிஸ்தவ ஓவியங்களில் உண்டு. மேசன் நூல்களில் அது பரவலானது 1797க்குப் பிறகு.

சரி, 1776? நோட்டை உற்றுப் பாருங்கள்: பிரமிடின் அடிக்கல்லில் ரோமன் எண்ணில் பொறித்திருப்பது அமெரிக்க விடுதலைப் பிரகடன ஆண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் இல்லுமினாட்டி அதே ஆண்டு தொடங்கியது உண்மை, ஆனால் அது தற்செயல். 1785க்குள் அங்கேயே தடையும் செய்யப்பட்டது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் முத்திரை வரலாற்றில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.